செடி வாடினால் உரத்தைத் தேடாதீர்கள்: எந்தக் குழாயில் கோளாறு என்று பாருங்கள்

மாடித்தோட்டமோ கொல்லையோ, ஒரு செடி லேசாக முகம் வாடினால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "என்ன போடலாம்?" என்பதுதான். யூரியா, பஞ்சகவ்யம், எப்சம் உப்பு, முட்டை ஓடு, மீன் அமிலம் என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் வேரில் போய் விழுகிறது. ஆனால் வாடி நிற்கும் செடிகள் பலவற்றின் மண்ணில் சத்து இருக்கத்தான் செய்கிறது. அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. வழி அடைபட்ட செடிக்கு மேலும் மேலும் உரம் போட்டால் அது சுமைதான். சில நேரம் அந்த உரமே செடியைக் கொன்றுவிடும். இப்படி உரத்தாலேயே சாகும் செடிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதனால்தான், அறிகுறியைப் பார்த்து, கோளாறு எந்தப் பாதையில் என்று தெரிந்துகொண்டு, அப்புறம் கைவைக்கும் முறையை இங்கே எழுதுகிறேன்.

கைவைக்கும் முன்: இரண்டு பாதைகள், மூன்று கேள்விகள்

பள்ளியில் படித்த சைலமும் புளோயமும்தான் அந்த இரண்டு பாதைகள். சைலம் வேரிலிருந்து நீரையும் அதில் கரைந்த தாது உப்புகளையும் மேலே கொண்டுபோகிறது. அதில் நீர் ஓடும் குழாய்கள் இறந்த செல்களால் ஆனவை. 1890களில் ஜெர்மனியின் எடுவர்ட் ஸ்ட்ராஸ்பர்கர் வெட்டிய மரங்களின் அடியை நச்சுக் கரைசலில் வைத்துப் பார்த்தார். தண்டின் உயிருள்ள செல்கள் செத்த பிறகும் திரவம் மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது. கீழிருந்து தள்ளுவதற்கு இதயம் எதுவும் செடிக்கு இல்லை. இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகப் போகப் போக, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளின் தொடர் மேலிருந்து இழுபடுகிறது. 1894இல் டப்ளினில் ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் சொன்ன விளக்கம் இது, இன்றும் நிற்கிறது. வேர் உறிஞ்சும் நீரில் 95 சதவீதத்துக்கும் மேல் இப்படி ஆவியாகிப் போவதற்குத்தான். அதை வீண் என்று நினைக்கக் கூடாது. அந்த இழுப்பு நின்றால் தாது உப்புகள் மேலே வருவதும் பெருமளவு நின்றுபோகும்.

புளோயம் உயிருள்ள செல்களால் ஆனது. இலை சமைத்த சர்க்கரையைத் தேவைப்படும் இடத்துக்கு எடுத்துப் போவது அதன் வேலை. கீழே வேருக்குப் போகும், மேலே குருத்துக்கும் போகும், பக்கத்தில் தொங்கும் காய்க்கும் போகும். இலைப் பக்கம் சர்க்கரை ஏறும்போது நீர் உள்ளே புகுந்து அழுத்தம் கூடுகிறது. காயோ கிழங்கோ சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் பக்கம் அழுத்தம் குறைகிறது. அந்த வித்தியாசத்தில் சாறு ஓடுகிறது. இதை 1930இல் விரிவாகச் சொன்னவர் எர்ன்ஸ்ட் முன்ச். வேகம் பொதுவாக மணிக்கு ஒரு மீட்டர் அளவில்.

ஆக, நீர்ப் பாதை இலையின் இழுப்பால் ஓடுகிறது, உணவுப் பாதை அழுத்தத்தால் ஓடுகிறது. மா, கொய்யா, தக்காளி, கத்தரி போன்றவற்றில் உணவுப் பாதை பட்டைக்கு ஒட்டி உட்புறமும், நீர்ப் பாதை அதற்கும் உள்ளேயும் இருக்கின்றன. வாழை, தென்னை, மூங்கிலில் இரண்டும் சேர்ந்த கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. இந்த ஒரு வேறுபாடு பின்னால் பெரிதாக வரும், நினைவில் வையுங்கள்.

இனி மூன்று கேள்விகள். வாடல் எந்த நேரத்தில்? பாதிப்பு அடி இலையிலா, குருத்திலா? விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டால் ஈரம் இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் ஒரு பொட்டலத்தையும் பிரிக்க வேண்டாம். கருவி என்று பார்த்தால் கூரான கத்தி, ஒரு கண்ணாடி டம்ளர், தெளிந்த தண்ணீர், முடிந்தால் ஒரு கைலென்ஸ். இவ்வளவுதான்.

மதியம் தொங்குகிறது, மாலையில் நிமிர்ந்துவிடுகிறது

பூசணி, சுரை, பீர்க்கு போன்ற அகன்ற இலைச் செடிகளில் சித்திரை, வைகாசி வெயிலில் இது தினசரிக் காட்சி. இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை, அவ்வளவே. குழாய் நன்றாக இருக்கிறது. சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் எதுவும் செய்ய வேண்டாம். அடியில் வைக்கோலோ சருகோ போட்டு மூடாக்கு வையுங்கள். தண்ணீரைக் காலையிலேயே விடுங்கள்.

புதிதாக நட்ட நாற்று இப்படித் தொங்கினால் காரணம் வேறு. பிடுங்கும்போது வேர்த்தூவிகள் அறுந்துவிட்டன. நீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு அந்த நுண்ணிய தூவிகளுடையது. அவை மறுபடி வளரும்வரை நிழல் கொடுத்து வையுங்கள். பெரிய இலை ஒன்றிரண்டைக் கிள்ளிவிட்டால் இழப்பும் குறையும். நடுவதை மாலையில் வைத்துக்கொள்ளச் சொல்வதும் இதற்காகத்தான். இந்தச் சமயத்தில் உரம் கூடவே கூடாது.

காலையிலும் தொங்குகிறது, மண் காய்ந்திருக்கிறது

தண்ணீர் விடுங்கள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. காய்ந்து சுருங்கிய மண், தொட்டியின் சுவரை விட்டு விலகியிருக்கும். நீங்கள் ஊற்றும் நீர் அந்த இடுக்கு வழியே இறங்கி அடித்துளையில் வந்துவிடும்; "நிறைய ஊற்றினேனே" என்று நினைப்பீர்கள், வேருக்கு ஒரு சொட்டும் போயிருக்காது. தொட்டியைத் தூக்கி ஒரு வாளி நீரில் குமிழி நிற்கும்வரை அமிழ்த்தி வையுங்கள். தூக்க முடியாத குரோபேக் (செடி வளர்க்கும் பை) என்றால், கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை ஊற்றுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் வாடுகிறது

அதிகச் செடிகள் சாவது இங்கேதான். வாடலைப் பார்த்ததும் இன்னும் தண்ணீர் ஊற்றுவது நம் இயல்பு. தயவுசெய்து கையைக் கட்டிக்கொண்டு, கீழ்க்கண்ட வரிசையில் பாருங்கள்.

முதலில் வேர். செடியின் ஓரமாக மண்ணைக் கிளறி ஒரு வேரை இழுத்துப் பாருங்கள். வெள்ளையாக, உறுதியாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, தோல் மட்டும் உருவிக்கொண்டு வந்து, நாற்றமடித்தால் வேர் மூச்சுத் திணறிச் செத்திருக்கிறது. வேருக்கு ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய நீர் மண்ணின் காற்றிடைவெளிகளை நிரப்பிவிட்டால், வேர்ச் செல்கள் நீரை உள்ளே விடும் நுண்துளைகளைக்கூட மூடிக்கொள்கின்றன. நீருக்கு நடுவில் நின்றுகொண்டு செடி தாகத்தில் வாடுவது இதனால்தான். அடித்துளை அடைத்திருக்கிறதா, தொட்டிக்குக் கீழே தட்டில் நீர் நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். அழுகிய வேரை வெட்டி, புது மண் கலவையில், நிழலில் வையுங்கள். மேல் இலைகளைக் குறைத்துவிடுங்கள்.

வேரில் மணிமணியாக முடிச்சுகள் தெரிந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு. பயறு, அவரை வகைகளின் வேரில் இருக்கும் நல்ல முடிச்சோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், தேய்த்தால் கழன்று வரும். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும். அந்தப் புழு வேரின் நடுவே, குழாய்கள் ஓடும் இடத்தில், செல்களைப் பூதாகாரமாகப் பெருக்க வைத்து அங்கிருந்தே தின்னும். நீர்ப் பாதை அந்த இடத்தில் நசுங்கிப்போகிறது. செடியை வேரோடு அகற்றிவிட்டு, அந்த இடத்தில் செண்டுமல்லி போட்டு ஒரு பருவம் விடுங்கள். வேப்பம் புண்ணாக்கும் உதவும்.

அடுத்து, கடந்த சில நாட்களில் உரம் போட்டீர்களா என்று யோசியுங்கள். வேர் நீரை எடுப்பது சவ்வூடு பரவலால். வேருக்குள் கரைசல் அடர்த்தியாகவும் மண்ணில் நீர்த்தும் இருந்தால் நீர் உள்ளே வரும். ஒரு கைப்பிடி யூரியாவைச் சின்னத் தொட்டியில் போட்டால் கணக்கு தலைகீழாகிறது. வேருக்குள் இருக்கும் நீரே வெளியேறத் தொடங்கும். இதற்கு மருந்து தண்ணீர்தான். வடிகால் நன்றாக இருப்பதை உறுதி செய்துகொண்டு, தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி, உப்பை அடித்துளை வழியே கழுவி வெளியேற்றுங்கள். உடனே செய்தால் பெரும்பாலும் பிழைக்கும்.

வேரும் நன்றாக இருக்கிறது, உரமும் போடவில்லை, ஆனால் தக்காளியோ கத்தரியோ மிளகாயோ பச்சைப் பசேலென்று இருக்கும்போதே இரண்டொரு நாளில் மொத்தமாகத் துவண்டுவிட்டது என்றால், டம்ளர் சோதனைக்கு வாருங்கள். தண்டின் அடிப்பகுதியில் விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, வெட்டுவாய் தெளிந்த நீரில் லேசாக மூழ்கும்படி டம்ளரில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து வெள்ளை நூல் போலப் பால்நிறக் கசிவு இறங்கினால், அது பாக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியா வேர்க் காயம் வழியே சைலத்துக்குள் புகுந்து பெருகி, பிசின் போன்ற கூழைச் சுரந்து குழாயை அடைத்துவிடுகிறது. டம்ளரில் இறங்குவது அந்தக் கூழும் அதிலுள்ள கோடிக்கணக்கான பாக்டீரியாவும்தான். இந்தச் சோதனைக்கு ஆய்வகம் வேண்டாம், காசும் வேண்டாம். ஒவ்வொரு தோட்டக்காரரும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

விடை "ஆம்" என்றால் அந்தச் செடிக்கு மருந்து இல்லை. சுற்று மண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள். உரக்குழியில் போடாதீர்கள். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதையும் திரும்ப வைக்காதீர்கள். வெண்டையோ கீரையோ சோளமோ போடலாம். வெட்டிய கத்தியைக் கொதிநீரில் கழுவாமல் அடுத்த செடியைத் தொட வேண்டாம்.

நூல் இறங்கவில்லை, ஆனால் தண்டைக் குறுக்கே வெட்டினால் பட்டைக்கு உள்ளே பழுப்பு வளையம் தெரிகிறது, அடி இலைகள் மஞ்சளாகித்தான் வாடத் தொடங்கின என்றால் அது ஃப்யூசேரியம் பூஞ்சை. குழாய் பழுப்பாவதில் செடியின் பங்கும் உண்டு. பூஞ்சை பரவாமல் இருக்கத் தன் குழாய்களைத் தானே பிசினாலும் செல் வளர்ச்சியாலும் அடைத்துக்கொள்கிறது. எதிரியைத் தடுக்கப் போட்ட அடைப்பு தண்ணீரையும் தடுத்துவிடுகிறது.

ஒரு பக்கம் மட்டும் வாடுகிறது

ஒரு வேர்த்தொகுதியிலிருந்து கிளம்பும் குழாய்கள் பெரும்பாலும் அதே பக்கத்துக் கிளைகளுக்குத்தான் போகின்றன. அதனால் ஒரு பக்க வேர் பழுதானால் அந்தப் பக்கக் கிளை மட்டும் துவளும். ஃப்யூசேரியம் தொடக்கத்தில் இப்படித்தான் காட்டும். சில நேரம் ஒரே இலையில் ஒரு பாதி மஞ்சளாகவும் மறுபாதி பச்சையாகவும் இருக்கும். அப்படி ஓர் இலை கண்ணில் பட்டால் குழாய் நோய் என்று சந்தேகப்படுங்கள்.

மாமரத்தில் ஒரு கிளையின் நுனி மட்டும் வருடத்துக்கு வருடம் மெலிந்தால் அண்ணாந்து பாருங்கள். புல்லுருவி இருக்கும். தனக்கென்று பச்சை இலை வைத்துக்கொண்டு, சர்க்கரையைத் தானே செய்துகொள்ளும். நீரையும் தாது உப்பையும் மட்டும் மாவின் சைலத்தில் வேரிறக்கி எடுக்கும். அதற்கு மேலே உள்ள கிளைக்கு மிச்சம்தான். இலையை மட்டும் பறித்தால் மறுபடி துளிர்க்கும். ஒட்டிய இடத்துக்குக் கீழே கிளையோடு சேர்த்து வெட்டுங்கள்.

கத்தரியின் நுனி மட்டும் தலை சாய்கிறது

தண்டுத்துளைப்பான். சாய்ந்த நுனிக்குக் கீழே சிறு துளையும் அதன் வாயில் எச்சமும் இருக்கும். பிளந்தால் இளஞ்சிவப்புப் புழு. உள்ளே தின்றுகொண்டே போய்க் குழாய்களை அறுத்துவிட்டது. துளைக்குக் கீழே ஒடித்து, புழுவோடு அழித்துவிடுங்கள். வாரம் தவறாமல் செய்தாலே காய்க்குப் போகும் புழு கணிசமாகக் குறையும்.

இலை மஞ்சளிக்கிறது: அடியிலா, நுனியிலா?

மஞ்சள் இலைக்கு உரத்தின் பெயர் சொல்லும் முன் இந்த ஒன்றைக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

சில சத்துகள் ஒரு தடவை இலையில் சேர்ந்த பிறகும் புளோயம் வழியே வேறிடத்துக்கு நகரக்கூடியவை. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் நான்கும் இந்த வகை. மண்ணிலிருந்து வருவது குறைந்தால் செடி தன் கிழ இலையிலிருந்து இவற்றை உருவிக் குருத்துக்குக் கொடுக்கிறது. எனவே பஞ்சம் அடி இலையில் தெரியும். அடி இலை முழுக்க வெளிறினால் தழைச்சத்து. நரம்பு பச்சையாக இருந்து இடைவெளி மட்டும் மஞ்சளித்தால் மெக்னீசியம். ஓரம் கருகினால் சாம்பல்சத்து. இலை கருநீலம் கலந்த ஊதாவாக மாறினால் மணிச்சத்து.

இரும்பு, சுண்ணாம்புச்சத்து (கால்சியம்), பெரும்பாலான பயிர்களில் போரான் ஆகியவை ஓரிடத்தில் படிந்துவிட்டால் எளிதில் நகராதவை. பழைய இலையில் எவ்வளவு இருந்தாலும் புது இலைக்கு உதவாது. எனவே பஞ்சம் குருத்தில் தெரியும். புது இலை வெளிறி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்பு. தென்னையில் குருத்தோலை விரியாமல் மடங்கிக் கொண்டை குறுகினால் போரான்.

இரும்பு விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சுண்ணாம்பு மிகுந்த நிலத்து நிலக்கடலையிலும், கடின நீர் பாய்ச்சும் மாடித் தொட்டிகளிலும் அடிக்கடி வரும் கோளாறு இது. அந்த மண்ணில் இரும்பு நிறையவே இருக்கும். காரத்தன்மையால் அது கரையாமல் கிடக்கிறது, வேரால் எடுக்க முடிவதில்லை. அதில் இன்னும் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கொட்டினால் அதுவும் கரையாத வடிவத்துக்கு மாறிப்போகும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதியும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும் கலந்து மாலையில் இலை மேல் தெளித்தால், அடைபட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு இலைக்கு நேரே கொடுக்கிறோம். தெளித்த இலை மட்டும்தான் பச்சையாகும், அடுத்து வரும் குருத்து மறுபடி வெளிறும். எனவே பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் திரும்பத் தெளிக்க வேண்டும். கூடவே மக்கிய தொழு உரத்தால் மண்ணையும் சரிசெய்ய வேண்டும்.

அடியில் ஒன்றிரண்டு இலை மட்டும் பழுத்து உதிர்வது நோயே இல்லை. செடி அந்த இலையிலிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை அதிலேயே விட்டு, காம்பில் ஒரு பிரிப்படுக்கை கட்டிக் கழற்றிவிடுகிறது.

இலை நுனி கருகுகிறது, தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு

செடிக்குச் சிறுநீரகம் இல்லை. தேவைக்கு மேல் வந்த உப்பைக் கரைத்து வெளியே அனுப்பும் உறுப்பு பெரும்பாலான நம் தோட்டச் செடிகளுக்குக் கிடையாது. அலையாத்திக் காடுகளில் சில மரங்கள் இலைச் சுரப்பிகளால் உப்பைக் கக்குகின்றன. பிச்சாவரத்தில் வெண்கண்டல் இலையை நக்கிப் பார்த்தால் கரிக்கும். நம் வீட்டு ரோஜாவுக்கும் மல்லிக்கும் அந்த வசதி இல்லை. நீரோடு வந்த உப்பு, நீர் ஆவியான பிறகு இலையிலேயே தங்குகிறது. நீரோட்டம் முடியும் இடம் நுனியும் ஓரமும் என்பதால் அங்கேதான் சேர்ந்து கருக்குகிறது. ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தாலும், உரம் அடிக்கடி போட்டாலும் இதே கதை.

மழைக்காலத்தில் தானாகச் சரியாகி, கோடையில் திரும்ப வந்தால் உங்கள் சந்தேகம் உறுதி. மாதம் ஒரு தடவை, வடிகாலில் தாராளமாக வெளியேறும்படி நல்ல நீர் விட்டு மண்ணைக் கழுவுங்கள். மழைநீர் பிடித்து வைத்திருந்தால் இதற்கு அதைவிட நல்லது இல்லை. தினமும் கொஞ்சமே கொஞ்சம் ஊற்றும் பழக்கம்தான் உப்பைச் சேர்த்துவைக்கிறது. கருகிய நுனியை வெட்டலாம், பச்சை திரும்பாது.

வேறு வகைக் கழிவுகளைச் செடி உள்ளேயே பூட்டி வைக்கும். சேம்பும் கருணையும் தொண்டையில் அரிப்பது, ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் அவற்றின் செல்களில் அடுக்கப்பட்டிருப்பதால்தான். அதிகமாக வந்த கால்சியத்தை இப்படிக் கரையாத படிகமாக ஒதுக்கி வைப்பது செடிகளிடம் பரவலான வழக்கம்.

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்துக் குழிகிறது

காயின் பூ இருந்த பக்கம் தோல் கறுத்து, தட்டையாகி, தோல்போல இறுகும். மிளகாய், குடமிளகாய், தர்பூசணியிலும் வரும். பூச்சி இல்லை, கிருமி இல்லை. அந்த இடத்துச் செல்களுக்குக் கால்சியம் கிடைக்கவில்லை. இதற்கு முட்டை ஓடு போடச் சொல்லும் ஆலோசனை எங்கும் சுற்றுகிறது. அது ஏன் பலிப்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கால்சியம் புளோயத்தில் ஏறக்குறைய நகர்வதே இல்லை. சைலத்தின் நீரோட்டத்தோடு மட்டுமே போகும். நீரோட்டம் எங்கே போகும்? ஆவியாகும் இடத்துக்கு. இலை முழுக்கத் துளைகள். தக்காளிப் பழத்தின் வழவழப்பான தோலில் துளைகள் இல்லவே இல்லை என்று சொல்லலாம். எனவே வரும் நீரில் பெரும்பங்கை இலைகள் இழுத்துக்கொள்கின்றன, காய்க்கு வருவது சொற்பம். அந்தக் காயிலும் காம்பிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அடி நுனி. இரண்டு நாள் தண்ணீர் மறந்து, மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றினால், காய் வேகமாகப் பெருக்கும் அந்த நேரத்தில் கால்சியம் வந்து சேராமல் அந்த முனைச் செல்கள் உடைந்துபோகின்றன. மண்ணில் கால்சியம் ஏராளமாக இருக்கும்போதே இது நடக்கும். இலை மேல் கால்சியம் தெளித்தாலும், இலையிலிருந்து காய்க்கு அது போகாது. முட்டை ஓடோ மக்கிக் கரைய நெடுநாள் ஆகும்.

செய்ய வேண்டியது இதுதான். தினமும் ஒரே அளவில், ஒரே நேரத்தில் தண்ணீர். மூடாக்கு. யூரியாவை நிறுத்துவது, ஏனென்றால் அது இலையைப் பெருக்கிக் காயோடு போட்டிக்கு விடும். சின்னத் தொட்டியில் இருந்தால் பெரிய குரோபேக்குக்கு மாற்றுவது. கறுத்த காயைப் பறித்துவிடுங்கள், நல்ல பகுதியைச் சமைக்கலாம். அடுத்த கொத்துக் காய்கள் பெரும்பாலும் சுத்தமாக வரும்.

கட்டுக்கு மேலே வீங்கியிருக்கிறது, மரம் மெல்லப் பட்டுப்போகிறது

கன்றாக இருக்கும்போது பெயர்ப்பலகைக்கோ கொடிக்கயிற்றுக்கோ கட்டிய கம்பி, மரம் பருக்கப் பருக்கப் பட்டைக்குள் புதைகிறது. கம்பிக்கு மேலே தண்டு வீங்கி, கீழே மெலிந்திருக்கும். இலைகள் ஒரு வருடம், இரண்டு வருடம்கூடப் பச்சையாகவே இருக்கும், அதனால் யாரும் கவனிப்பதில்லை.

நடப்பது இது. நீர்ப் பாதை உள்ளே மரக்கட்டையில் இருப்பதால் தப்பிவிட்டது. இலைக்குத் தண்ணீர் வருகிறது. உணவுப் பாதை பட்டையில் இருப்பதால் நெரிபட்டுவிட்டது. சர்க்கரை கீழே இறங்க முடியாமல் கம்பிக்கு மேலே தேங்கி வீங்குகிறது, வேர் பட்டினி கிடக்கிறது. வேரின் சேமிப்புத் தீர்ந்த அன்று மரம் மொத்தமாகச் சாய்கிறது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி பட்டையை வளையமாக உரித்துப் பார்த்து, மேல் விளிம்பு வீங்குவதைப் பதிவு செய்தார். 1661இல் தவளையின் நுரையீரலில் தமனிக்கும் சிரைக்கும் இடையிலான தந்துகிகளை முதலில் கண்டவரும் இவர்தான். விலங்கில் ரத்தம் சுற்றும் வழியையும் மரத்தில் சாறு இறங்கும் வழியையும் ஒரே ஆள் தேடியிருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

மாதுளையிலும் கொய்யாவிலும் விண்பதியம் போடுபவர்கள் இதே உண்மையைத்தான் பயன்படுத்துகிறார்கள். பட்டையை வளையமாக எடுத்து ஈரப் பாசி கட்டினால், இறங்கும் சர்க்கரையும் வளர்ச்சி ஊக்கியும் மேல் விளிம்பில் தேங்கி அங்கே வேர் பிறக்கிறது.

கம்பியை உடனே வெட்டி எடுங்கள். சதைக்குள் புதைந்துபோன பகுதியைப் பிடுங்கிப் பட்டையைக் கிழிக்க வேண்டாம், துண்டு துண்டாக வெட்டி, வருவதை மட்டும் எடுங்கள். ஆணி அடித்த இடம் ஒரு புள்ளிக் காயம், மரம் பெரும்பாலும் சமாளிக்கும். முழு வளையம்தான் எமன். தெருவோர மரங்களில் விளக்குச் சரம் சுற்றிய கம்பிகளை விழா முடிந்ததும் அவிழ்க்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகவே.

தென்னைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறியிருப்பதால், மேலோட்டமான வளையக் காயம் அதைக் கொல்வதில்லை. ஆனால் புதுக் குழாய்களை உருவாக்கும் செல் அடுக்கான கேம்பியம் அதற்கு இல்லை; பட்ட காயம் ஆயுளுக்கும் ஆறாது, அறுபட்ட குழாய்க்குப் பதில் புதுக் குழாய் வராது. ஏறுவதற்குப் படி வெட்டிய தென்னை வெளியில் சும்மா இருப்பது போலத் தெரிந்தாலும், அந்தக் குழிகள் சிவப்புக் கூன்வண்டுக்குத் திறந்த வாசல். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு வடிந்தால் தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். வேளாண்மை அலுவலரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

இலை பிசுபிசுக்கிறது, எறும்பு ஏறுகிறது, கரி பூசியது போல் கறுக்கிறது

கறுப்பைத் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள், இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அசுவினியோ மாவுப்பூச்சியோ செதில்பூச்சியோ புளோயத்தில் ஊசி வாயைச் செருகி உட்கார்ந்திருக்கும். உணவுப் பாதை அழுத்தத்தில் ஓடுவதால் அவை உறிஞ்சக்கூட அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. அசுவினியின் உடலை வெட்டிவிட்டு ஊசியை மட்டும் விட்டாலும் அதன் வழியே சாறு தானாக வடியும். ஆய்வாளர்கள் தூய புளோயச் சாறு சேகரிப்பது இந்த வழியில்தான். சாற்றில் சர்க்கரை அதிகம், புரதத்துக்கு வேண்டிய அமினோ அமிலம் குறைவு. அது போதுமான அளவு கிடைக்கும்வரை பூச்சி உறிஞ்சித் தள்ளி, மிஞ்சிய சர்க்கரையைப் பின்னால் தேன்துளியாக விடுகிறது. அதைத் தின்ன எறும்பு வருகிறது, அதன் மேல் கரும்பூசணம் வளர்கிறது.

நீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். வேப்பெண்ணெயும் காதி சோப்பும் கலந்து மாலையில் தெளியுங்கள். தண்டில் எறும்பு ஏறாமல் தடுப்பது அவசியம், ஏனென்றால் எறும்புகள் மாவுப்பூச்சியின் எதிரிகளை விரட்டுகின்றன. அந்த எதிரிகளின் மதிப்பைத் தமிழ்நாடு கண்ணாரக் கண்டது. 2008இல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. 2010இல் அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்ட பிறகுதான் அடங்கியது. கண்டபடி பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது இப்படிப்பட்ட குளவிகள்தான்.

காலையில் இலை ஓரத்தில் முத்து முத்தாக நீர்

பனி என்று நினைக்கலாம், ஆனால் சரியாக நரம்பு முடியும் இடங்களில் மட்டும் நிற்கும். தக்காளி, சேம்பு, புல்லில் சாதாரணம். இரவில் இலைத்துளை மூடி இழுப்பு நின்ற பிறகும் வேர் உப்பை உள்ளே சேர்த்துக்கொண்டிருப்பதால் உண்டாகும் வேரழுத்தம் நீரை ஓரத் துளைகளால் வெளியே தள்ளுகிறது. வேர் நன்றாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். ஒன்றும் செய்ய வேண்டாம்.

வாழையின் அடி இலைகள் முறிந்து தண்டைச் சுற்றித் தொங்குகின்றன

ஓரத்திலிருந்து மஞ்சளித்து, காம்பு முறிந்து, பாவாடை போலத் தொங்கினால், தண்டின் அடி பிளந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழங்கை வெட்டினால் செம்பழுப்புப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும். அவை எல்லாம் அடைபட்ட குழாய்கள். பனாமா வாடல். 1950களில் மத்திய அமெரிக்காவின் குரோ மிஷேல் வாழைத் தோட்டங்களை அழித்து, உலகச் சந்தையைக் கேவண்டிஷ் ரகத்துக்கு மாற வைத்த நோய் இது. நம் ஊரில் ரஸ்தாளிக்கு இதனால் பெருஞ்சேதம். பூஞ்சை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். அந்தக் குத்திலிருந்து பக்கக்கன்று எடுத்து யாருக்கும் கொடுக்காதீர்கள். நோய் வீடுவீடாகப் போவது அன்பளிப்பாகக் கொடுக்கும் கன்றுகளால்தான். அந்த இடத்தில் மறுபடி ரஸ்தாளி வைக்க வேண்டாம்.

பெரிய மரத்தின் நடுவில் பொந்து, ஆனால் தழைத்துத்தான் நிற்கிறது

"உள்ளே ஒன்றுமில்லை, வெட்டிவிடலாமா?" என்று பழைய புளியையும் வேம்பையும் காட்டிக் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். மரத்தின் நடுவில் இருக்கும் வைரக்கட்டை நீரைக் கடத்துவதை எப்போதோ நிறுத்திவிட்ட பகுதி. டானின், பிசின் போன்ற வேண்டாத பொருள்களை மரம் அங்கே சேர்த்து வைக்கிறது; கறுப்பும் கடினமும் அதனால்தான். நீர் ஏறுவது அதைச் சுற்றியுள்ள வெளிர்நிறச் சாற்றுக்கட்டையில், சர்க்கரை இறங்குவது பட்டையில். நடுக்கட்டை கரையானுக்குப் போனாலும் இந்த இரண்டு வளையங்களும் நன்றாக இருந்தால் மரம் இன்னும் நெடுங்காலம் வாழும்.

பட்டையைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். சுற்றளவில் பெரும்பகுதி உயிரோட்டமாக, உச்சிக் கிளைகளில் புதுத் தளிர் வந்துகொண்டிருந்தால் விட்டுவிடலாம். பொந்தில் சிமெண்ட் அடைக்க வேண்டாம். மரம் காற்றில் அசையும்போது அது உரசி நல்ல கட்டையையும் காயப்படுத்தும், உள்ளே ஈரத்தையும் பிடித்து வைக்கும். மழைநீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டுப் பக்கமோ தெருப் பக்கமோ சாய்ந்திருந்தால் மட்டும், பருவமழைக்கு முன்பாக அனுபவமுள்ள ஆளை வைத்துக் கிளைப் பாரத்தைக் குறையுங்கள்.